பி.பி. குறைய எந்தப் பழக்கத்தை முதலில் மாற்றுவது, எதை அப்புறம் மாற்றுவது

அம்மாவுக்கு 162/96 என்று வந்த அன்று சாயங்காலமே வீட்டில் உப்பை நிறுத்தினோம், காபியை நிறுத்தினோம், மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு அவரை எழுப்பி நடக்கக் கூட்டிப்போனோம். பத்தாவது நாள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. எது உதவியது, எது வீண் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது தடவை ஒவ்வொன்றாக, வரிசையாகச் செய்தோம். அது நிலைத்தது.

அதற்குப் பிறகு பெரம்பூரில் எங்கள் அடுக்குமாடியிலும் காலை நடைக்கு வருகிறவர்களிலும் ஏழெட்டுப் பேருக்கு இதே வரிசையைச் சொல்லிக் கொடுத்து, கூடவே இருந்து பார்த்தேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் இதில் எதையும் தொடங்கும் முன் தங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள். அவர்களுக்கு உப்பு, பொட்டாசியம், உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் கணக்கு வேறு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மேல்கையில் பட்டை கட்டி அளக்கும் டிஜிட்டல் பி.பி. மெஷின், ஒரு நோட்டு, தையல் கடையில் இருக்குமே அந்த இஞ்ச் டேப், உப்பு ஜாடிக்குள்ளேயே கிடக்க ஒரு டீஸ்பூன். இவ்வளவு போதும். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம், கையை நெஞ்சு உயரத்தில் சரியாகப் பிடிக்காவிட்டால் எண் தாறுமாறாக வரும். கைக்கடிகாரம் காட்டும் பி.பி.யை வைத்தும் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மெஷின் வாங்கும் முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். பெட்டியோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரையுள்ள கைக்குத்தான். அதைவிடப் பருத்த கையில் அதே பட்டையை இழுத்துக் கட்டினால் இல்லாத பி.பி.யைக் காட்டும். எதிர் வீட்டு அக்கா ஆறு மாதமாக 150க்கு மேலே என்று பயந்துகொண்டே இருந்தார், அளந்து பார்த்தால் கை 36 செ.மீ. பெரிய பட்டை வாங்கிக் கட்டியதும் 138 வந்தது. ஆறு மாதப் பயம், ஒரு பட்டையால்.

புது மெஷினை ஒரு தடவை டாக்டரிடம் எடுத்துப்போய் அவர் கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் நோட்டில் தேதி, நேரம், மேல் எண், கீழ் எண் எழுதக் கட்டம் போடும்போது கடைசியில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். "நேற்று கல்யாணச் சாப்பாடு", "ராத்திரி சரியாகத் தூங்கவில்லை", "மூட்டுவலி மாத்திரை போட்டேன்" என்று எழுத அந்தக் கட்டம். பிற்பாடு எண்ணைவிட இந்தக் கட்டம்தான் அதிகம் பேசும்.

2. முதல் ஏழு நாள் எதையும் மாற்றாமல் அளந்து மட்டும் பாருங்கள்

அவசரப்படுகிற எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. பி.பி. ஒரே நாளில் பத்துப் பதினைந்து புள்ளி ஏறி இறங்கும், அது இயற்கை. இன்றைக்கு 150, உப்பைக் குறைத்த நாளைக்கு 138 என்றால் அது உப்பு குறைந்ததாலா, நாள் மாறியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தொடக்கத்தில் ஒரு வாரச் சராசரி கையில் இருந்தால்தான் பின்னால் ஒப்பிட ஏதாவது இருக்கும்.

அளக்கும் முறை இப்படி. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடிக்கும் முன், மாத்திரை போடும் முன். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு தடவை. முதுகு சாயும் நாற்காலியில் உட்கார்ந்து, கால் இரண்டும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கையை மேஜைமேல் வைத்து, பட்டை நெஞ்சு உயரத்தில் வரும்படி, துணியின்மேல் கட்டாமல் வெறும் கையில் கட்டுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். அதற்கு முன் அரைமணி நேரத்துக்குள் காபி, டீ, சிகரெட், நடை எதுவும் கூடாது.

சோபாவில் சாய்ந்துகொண்டு கையைத் தொடையில் போட்டபடி, டிவி பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அளக்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பேச்சு ஒன்றே பத்துப் புள்ளி வரை கூட்டிவிடும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் அப்படியே. ஒரு மருந்துக் கடையில் நின்ற வாக்கில் என் கையில் பட்டையைச் சுற்றி, பில் போட்டுக்கொண்டே "வேற என்ன வேணும்?" என்று கேட்டபடி அளந்தார்கள். 148 வந்தது. வீட்டுக்கு வந்து முறையாக உட்கார்ந்து பார்த்தால் 126.

முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் அளந்து, எந்தக் கையில் கூடுதலாக வருகிறதோ அந்தக் கையிலேயே தொடருங்கள். வித்தியாசம் பத்துக்கு மேல் மறுபடி மறுபடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், தூங்கி எழுந்த வேளைதான் உங்களுக்குக் காலை.

3. சராசரியைப் போட்டுப் பாருங்கள்

முதல் நாள் எண்களைக் கழித்துவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி போடுங்கள். முதல் நாள் பதற்றத்தில் கூடத்தான் வரும், அதனால் அது கணக்கில் வேண்டாம். டாக்டரின் அறையில் 140/90 என்பது எல்லை என்றால் வீட்டு அளவுக்கு அது 135/85. 120/80க்குக் கீழே இருந்தால் நல்லது. நடுவில் இருக்கிறவர்களுக்குத்தான் பழக்கத்தை மாற்றுவதால் கிடைக்கும் லாபம் பெரிது, மாத்திரை வரை போகாமலே நிற்க வாய்ப்பு உண்டு.

135/85க்கு மேல் இருந்தால் நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். "ஒரு மூணு மாசம் நானே குறைச்சுக் காட்டுறேன்" என்று அவரைப் பார்க்காமல் தள்ளிப்போடாதீர்கள். காத்திருக்கலாமா, மாத்திரையோடு சேர்த்துத்தான் பழக்கத்தை மாற்ற வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த முடிவு. காசு பிரச்சினை என்றால் பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள்.

180/120க்கு மேல் காட்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி அளங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டர். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் இருந்தால் மறுபடி அளப்பதற்கெல்லாம் நிற்காமல் 108.

இன்னொன்று. ரத்தக் கொதிப்பு என்ற சொல்லாலேயே பலர் இதைக் கோபத்தோடும் உடல் சூட்டோடும் சேர்த்துப் பார்க்கிறார்கள். "எனக்குக் கோபமே வராது, எனக்கெப்படி பி.பி.?" என்று கீழ் வீட்டு மாமா கேட்டார். தலைவலி, கிறுகிறுப்பு வந்தால்தான் பி.பி. என்றும் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

4. உப்பைத் தொடும் முன் மருந்து டப்பாவைத் திறங்கள்

இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். ஆனால் சிலருக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது, அதனால்தான் முன்னால் வைக்கிறேன்.

மூட்டுவலி, முதுகுவலிக்குத் தினமும் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யைக் கூட்டும், பி.பி. மாத்திரையின் வேலையையும் மட்டுப்படுத்தும். சளி, மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள், ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை இவையும் கூட்டலாம். தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரையிலும், வயிற்று உப்புசத்துக்குக் கலக்கிக் குடிக்கும் பொடியிலும் சோடியம் நிறைய.

நாட்டு மருந்து என்பதால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். தொண்டைக்கு நல்லது என்று மாதக்கணக்கில் அதிமதுரம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிமதுரம் பொட்டாசியத்தைக் குறைத்து பி.பி.யை ஏற்றும், இது நன்றாகத் தெரிந்த விஷயம். அம்மாவின் இருமல் பொடியில் அதுதான் முதல் சரக்கு.

டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் அவர் மேஜையில் வையுங்கள். பெயரை மனப்பாடமாகச் சொல்லப் பார்த்தால் முக்கியமானது விட்டுப்போகும்.

5. உப்பு: வீட்டில் எவ்வளவு போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூன் தூள் உப்புக்குள். கேட்டால் எல்லோரும் சொல்வது, "நாங்க உப்பு கம்மியாத்தான் சாப்பிடுறோம்." யாரும் பொய் சொல்லவில்லை. கை அளவில் போட்டுச் சமைக்கிற வீட்டில் அந்த எண் யாருக்கும் தெரியாது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அடுத்த தடவை ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். தீர்ந்த நாளையும் எழுதுங்கள். நாலு பேருக்கு, ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 20 கிராம், ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் நாலு பேர், 29 நாளில் தீர்ந்தது. ஆளுக்கு எட்டரை கிராமுக்கு மேல்! அதுவும் ஊறுகாய், மிக்சர், ஹோட்டல் சாப்பாடு எதுவும் சேராத கணக்கு.

மீன் கழுவ, காய் அலச எடுக்கும் உப்பை இந்தப் பாக்கெட்டில் தொடாமல் வேறு பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு குழம்பும். இட்லி மாவில் போடுவது இதிலிருந்தே போகட்டும், அது வயிற்றுக்குள்தானே போகிறது. பாக்கெட் தீரும் வரை காத்திருக்க வேண்டாம், இது பாட்டுக்கு ஓடட்டும், அடுத்த படியைத் தொடங்கிவிடலாம்.

6. உப்பைக் குறைக்கும் விதம்

ஒரே நாளில் பாதியாகக் குறைக்காதீர்கள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று அம்மா தட்டைத் தள்ளிவைத்தார், அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. இப்போது போடும் அளவில் கால் பங்கு குறையுங்கள், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னும் கால் பங்கு. நாக்கு பழக சில வாரம் ஆகும், பழகிய பிறகு பழைய சாம்பார் கரிப்பாகத் தெரியும். அந்த நாள் வரும் வரை பொறுமைதான் வேண்டும்.

முதல் வேலை, கையால் அள்ளிப் போடுவதை நிறுத்தி அந்த டீஸ்பூனால் போடுவது. கல் உப்பு பழகிய வீடு திடீரென்று தூள் உப்புக்கு மாறினால் அதே ஸ்பூனில் எடை கூடிவிடும், ஏதாவது ஒன்றிலேயே இருங்கள்.

நம் சாப்பாட்டின் சிக்கல் என்னவென்றால் ஒரே வேளையில் சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர் என்று ஐந்து தடவை உப்பு வருகிறது, எதுவுமே தனியாகக் கரிக்காது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பதைவிட, சாம்பாரை விட்டுவைத்துப் பொரியலிலும் மோரிலும் பலமாகக் குறைப்பது எங்களுக்கு எளிதாக இருந்தது. சாதத்தோடு பிசையும்போது சாம்பாரின் உப்பே பொரியலுக்கும் போதும். தயிர்சாதத்துக்கு உப்பே வேண்டாம், தொட்டுக்கொள்ள எப்படியும் ஏதோ இருக்கிறது.

புளி கூடினால் உப்பும் கூடத்தான் கேட்கும், சமைக்கிறவர்களுக்கு இது தெரியும். அதனால் வத்தக்குழம்பு, புளிக்குழம்பை வாரத்துக்கு ஒரு நாளாக்கிவிட்டு மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம், இறக்கும்போது பிழியும் எலுமிச்சை இவற்றின்மேல் சாயுங்கள். பொரியலுக்கு உப்பைக் கடைசியில் தூவினால் குறைந்த அளவே நாக்கில் தெரியும்.

அடுத்தது சமையல் உப்புக்கு வெளியே இருப்பது. அப்பளத்தில் உப்போடு அப்பளக் காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். வடகம், மோர் மிளகாய், கருவாடு, ஊறுகாய், இட்லிப் பொடி, மிக்சர், பாக்கெட் நூடுல்ஸ் மசாலா, ஆப்ப சோடா போட்ட பஜ்ஜி போண்டா, தெருமுனை ஃபிரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸ் எல்லாம் இந்தப் பக்கம். பாக்கெட்டில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 600 மி.கி. சோடியத்துக்கு மேல் இருந்தால் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் டிபனில் சாம்பார் வாளியைத் திரும்பத் திரும்பக் கேட்பதை விட்டாலே நிறையக் குறையும்.

மூன்று தப்புகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

ஒன்று, பி.பி. இருப்பவருக்கு மட்டும் தனிச் சமையல். சமைக்கிறவருக்கு இரட்டை வேலை, சாப்பிடுகிறவருக்கு மனத்தாங்கல், ஒரு மாதம் தாங்காது. வீட்டுக்கே குறையுங்கள், மற்றவர்களுக்கும் அது நல்லதுதான்.

இரண்டு, இந்துப்புக்கு மாறிவிட்டதால் கவலையில்லை என்று அள்ளிப் போடுவது. இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், போதாக்குறைக்குப் பெரும்பாலும் அதில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். அயோடின் உப்பையே குறைவாகப் போடுங்கள்.

மூன்றாவது ஆபத்தானது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனாலப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

"சென்னை வெயிலில் வியர்த்துக் கொட்டுதே, உப்பு வேண்டாமா?" என்று சித்திரை, வைகாசியில் தவறாமல் கேட்பார்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் இருப்பவருக்குச் சாப்பாட்டில் வரும் உப்பே போதும், தண்ணீரும் நீர்மோரும்தான் கூடுதலாக வேண்டும். நாள் முழுக்க வெயிலில் உழைக்கிறவர்கள், வாந்தி பேதி வந்தவர்கள் கதை வேறு, அவர்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தேவைப்படும். பி.பி. மாத்திரை போடுகிறவருக்கு வெயில் காலத்தில் எழுந்து நின்றால் கண் இருட்டினால் உடனே அளந்து டாக்டரிடம் சொல்லுங்கள். கோடையில் பி.பி. கொஞ்சம் இறங்கும், மாத்திரை அளவை மாற்ற வேண்டிவரலாம்.

7. குறைத்த பிறகு, சேர்க்க வேண்டியது

உப்பு ஓரளவு அடங்கியதும், சுமார் ஒரு மாதம் கழித்து, இதற்கு வாருங்கள். பொட்டாசியம் சோடியத்தை சிறுநீர் வழியே வெளியேற்ற உதவும், ரத்தக்குழாயையும் தளர்த்தும். கீரை, வாழைத்தண்டு, தக்காளி, பாசிப்பயறு, வாழைப்பழம், இளநீர் எல்லாம் இந்த ஊரில் தெருவிலேயே கிடைக்கிறது. முருங்கைக்கீரைக்கு மரமும் பக்கத்து வீட்டில் இருக்கும்.

பட்டியலை வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம். தட்டில் சாதத்தின் இடத்தைக் கொஞ்சம் சுருக்கி அந்த இடத்தைக் காய்க்குக் கொடுங்கள். பழம், காய்கறி, பயறு, கொழுப்பு குறைந்த தயிர் இவை நிறைந்த உணவுமுறையைச் சோதித்தபோது பி.பி. அதிகம் உள்ளவர்களுக்கு மேல் எண் 11 வரை இறங்கியிருக்கிறது, ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு அது கிட்டத்தட்டச் சமம். இங்கேயும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீர், வாழைப்பழம் விஷயத்தில் டாக்டர் சொல்வதையே கேளுங்கள்.

8. நடை

வாரத்துக்கு 150 நிமிடம், ஐந்து நாளாகப் பிரித்தால் அரைமணி. வேகம் எப்படி என்றால், பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கைபேசியில் பேசிக்கொண்டு பூங்காவைச் சுற்றிவரும் நடை இந்தக் கணக்கில் சேராது.

நடையை உப்புக்குப் பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் வாரமே நடக்கத் தொடங்குகிறவர்கள் "நடக்கிறோமே" என்று சாப்பாட்டைக் கண்டுகொள்வதில்லை. அண்ணா நகர் டவர் பூங்காவாகட்டும், மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவாகட்டும், நடை முடிந்து வெளியே வந்து வடையும் பொங்கலுமாகச் சாப்பிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு எண் அசையாது, நடையால் பலனில்லை என்று ஆறாவது வாரம் நின்றுவிடுகிறார்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் உண்மையாகவே நடந்தார்கள்.

பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் பெசன்ட் நகரில் 8 கி.மீ. பாதை இருக்கிறது, அதை முதல் நாளே நடந்து முடிக்க நினைத்து முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை எனக்குத் தெரியும். சராசரி 180/110க்கு மேல் உள்ளவர்கள் முதலில் மருந்தால் இறக்கிவிட்டு அப்புறம் வேகமாக நடக்கலாம். ஜிம் போகிறவர்கள் எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், அந்த நொடியில் பி.பி. எகிறும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நடை அறுந்துவிடும், அப்படி அறுந்தது தை வரை ஒட்டாது. மழைக்கு முன்பே மாற்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மாடிப்படி, மழை விட்டால் மொட்டை மாடி.

9. இடுப்பளவு

தராசைவிட இஞ்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபடி அளங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் நம்மவர்களுக்கு அதிகம். எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் சுமார் ஒரு புள்ளி குறையும், அதனால் நாலைந்து கிலோ குறைந்தாலே நோட்டில் தெரியும். 6, 7, 8 மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் இது தானாகவே ஓரளவு நடக்கும், தனியாகப் பட்டினி கிடக்க வேண்டாம். ராத்திரி பத்து மணிப் பரோட்டாவை விடுங்கள்.

10. தூக்கம்

ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு பி.பி. வரும் வாய்ப்பு கூடுதல். தூக்கத்தில்தான் ரத்த அழுத்தம் இயல்பாக இறங்கி ரத்தக்குழாய்க்கு ஓய்வு கிடைக்கிறது. ஏழு மணி நேரத்துக்கு வழி பாருங்கள்.

பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொக்குவது, இவை இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூச்சடைப்புத் தூக்கக் கோளாறு இருந்தால் மூன்று மாத்திரை போட்டாலும் பி.பி. அடங்காமல் இருக்கலாம். இதைக் கண்டுபிடிப்பது நோயாளி இல்லை, பக்கத்தில் படுப்பவர். அதனால் டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள்.

11. புகையும் மதுவும் வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம்

சிகரெட்டும் பீடியும் மட்டும் முதல் நாளிலிருந்தே நிறுத்த வேண்டியவை. ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு பி.பி.யை ஏற்றும், அதைவிடப் பெரிய கேடு ரத்தக்குழாய்க்கு. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பாட்டிமார்களை யாரும் கேட்பதில்லை, அதிலும் அதே நிகோடின்தான்.

மதுவில் பாதுகாப்பான அளவென்று ஒன்றைத் தேட வேண்டாம். வாரம் முழுக்கச் சும்மா இருந்து சனிக்கிழமை மட்டும் குடிக்கிறவர்கள் ஞாயிறு, திங்கள் எண்ணைத் தங்கள் நோட்டிலேயே பார்க்கட்டும், நான் சொல்ல வேண்டியதில்லை. தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், டாக்டர் துணையோடு நிறுத்துங்கள்.

காபிக்குப் பயப்படாதீர்கள். நாளுக்கு இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி பழகிய உடம்புக்குப் பெரிய விஷயமில்லை. அம்மாவிடமிருந்து அதை முதல் நாளே பிடுங்கியது நாங்கள் செய்த தப்பு. குறைக்க வேண்டிய உப்புக்கு இருந்த மனபலத்தையெல்லாம் காபிக்காகச் செலவழித்துவிட்டார்.

12. மறுபடி ஏழு நாள்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாலு வாரம் கொடுத்து, பிறகு இரண்டாம் படியில் சொன்ன மாதிரியே ஏழு நாள் அளந்து சராசரி போடுங்கள். நடுவில் தினம் நாலு தடவை அளக்காதீர்கள். கீழ் வீட்டு மாமா ஒரு நாளில் பதினோரு தடவை அளந்து, ஒவ்வொன்றுக்கும் பயந்து, அந்தப் பயத்திலேயே அடுத்த எண்ணைக் கூட்டிக்கொண்டார்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் மூன்று மாதத்தில் எண் அசையாவிட்டால் அது உங்கள் தோல்வி இல்லை. பரம்பரை, வயது, சிறுநீரகம், தைராய்டு என்று காரணம் வேறு இருக்கலாம், மாத்திரை தேவைப்படலாம். மாத்திரை தொடங்கிய பிறகும் உப்பும் நடையும் அதன் வேலையைச் சுலபமாக்கும்.

எண் நன்றாக வந்ததும் மாத்திரையை நிறுத்துவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான தப்பு. நன்றாக வந்ததே மாத்திரையும் சேர்ந்ததால்தான். குறைக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், நோட்டைக் காட்டிக் கேளுங்கள். அம்மாவுக்கு அப்படித்தான் எட்டாவது மாதம் பாதி அளவாக்கினார்கள். இப்போது அவருடைய சராசரி 130/80 பக்கம். பாதி மாத்திரை தினமும் காலையில் தொடர்கிறது, காபி இரண்டு வேளையும் உண்டு, ஒரு கிலோ உப்பு பாக்கெட் 46 நாள் வருகிறது.